வள்ளத்தை உதைத்துப் போனவளுக்கு

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே இரண்டு துரொல்லிகள், அவை ஓடுவதற்கு ஒரு நீள அலுமினியத் தண்டவாளம், பாரம் கூட்டிக் குறைக்க இரும்புக் கட்டிகள். பெட்டியைத் திறந்ததும் பொதிந்திருந்த வெள்ளை ரெஜிபோமும் புது இரப்பரும் கலந்த ஒரு வாசம் ஆய்வுகூடம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் சுற்றிவர நின்று பார்க்க, நான் துரொல்லி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துச் சில்லை விரலால் தட்டினேன். அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. இப்படி ஒன்று அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் நீ என் அப்பாவின் வள்ளத்தில் ஏறியே இருக்கமாட்டாய் என்று நினைத்தேன். உன்னை நினைத்துவிட்டேனே என்று உடனே எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனாலும் பாடத்தை விடவில்லை. இரண்டு துரொல்லிகளையும் முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் சுருளை அமுக்கிப் பிடித்து, கையை எடுத்தேன். ஒன்று அந்தப் பக்கம் போனது, மற்றது இந்தப் பக்கம் போனது. இதுதான் உந்தக் காப்பு விதி என்றேன். முன்னம் இரண்டும் ஓய்விலே இருந்தன, மொத்த உந்தம் சைபர். இப்போதும் இரண்டையும் கூட்டினால் சைபர்தான், ஒன்றுக்கு நேர், மற்றதுக்கு மறை. முன்வாங்கில் இருக்கும் ஒரு வாயாடிப் பெட்டை கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், இதில எது எதைத் தள்ளினது?"

"ரெண்டும்தான் ஒண்டை ஒண்டு தள்ளினது" என்றேன்.

"அப்பிடிச் சொல்லேலாது ரீச்சர். சுருள் ஒண்டிலதானே பூட்டிக் கிடக்கு. அப்ப அதுதான் மற்றதை உதைச்சுப்போட்டுப் போகுது."

"சோதினையில அதைக் கேக்கமாட்டினம். இரு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மணி அடிக்கும்வரை கரும்பலகைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் கதைக்க வேண்டுமாம். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும். உன் மரண அறிவித்தலில் அதெல்லாம் வேண்டிய மட்டும் போட்டிருந்தார்கள். அன்பே உருவானவளாம், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவியவளாம். அந்த 'ஓடி'யை மட்டும் நான் இரண்டாந்தரம் வாசித்தேன். நான் உன்னைப் புகழ எழுதவில்லை. உன் முகத்துக்கு நேரே கேட்க வைத்திருந்ததை, காலம் தப்பிய பிறகாவது கேட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நீ மறுமொழி சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் சொன்னவள் இல்லையே.

உன்னுடையது கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக் குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் விதைத்த சனம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கடலில் பாதி, களப்பில் பாதி என்று பிழைத்த கத்தோலிக்க வேதக்காரர். சண்டைதான் இரண்டு குடும்பத்தையும் உடையார்கட்டில் கொண்டுவந்து ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் குடியிருத்தியது. உங்களுக்குப் பின்னாலேயே உங்கள் பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்து வந்து, தென்னங்காணி ஒன்றில் ஓலைக் கொட்டிலாக நின்றது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பெட்டைகள் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு வழியில்லாமல் சிநேகிதமானோம் என்று நீ பகிடியாகச் சொல்வாய். அது பகிடிதானா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

உனக்குக் கண் மட்டு. முன்வாங்கில் இருந்தாலும் கரும்பலகை உனக்குப் புகார் மூடித்தான் தெரியும். நான் மெல்ல வாசிப்பேன், நீ எழுதுவாய். "எடி, அது மூண்டா எட்டா?" என்று என் விலாவில் இடிப்பாய். எட்டை மூன்றாக எழுதிவிட்டு, விடை சரிவரவில்லை என்று என்னைத்தான் ஏசுவாய். ஆனால் மூளையில் நீதான் வேகம். விடையை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு அதற்கு வழி தேடுகிறவள் நீ. நான் ஒவ்வொரு வரியாகத்தான் வருவேன்.

உந்தக் காப்பில் நாங்கள் ஓயாமல் சண்டை பிடித்தது ஒரு வரிக்காக. 'வெளிவிசை தாக்காதவிடத்து' என்று முதலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் புள்ளி வெட்டுவார்கள். நீ எழுதவே மாட்டாய்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதை என்னத்துக்கு எழுதுறது?"

"எழுதாட்டி விதியே பிழையடி. வெளியில இருந்து ஒருத்தரும் தள்ளாட்டித்தான் இது சரிவரும்."

"இந்த நாட்டில ஆரடி ஆரைத் தள்ளாமல் இருக்கினம்?" என்பாய். மாஸ்ரரே சிரித்துவிடுவார். உனக்கு வாய் அப்படி.

பழைய வினாத்தாள் ஒன்றில் அந்தக் கணக்கு வந்தது. அசையாமல் நிற்கும் வள்ளத்தில் ஒருவன் நிற்கிறான். கரையை நோக்கிக் குதிக்கிறான். வள்ளம் என்ன வேகத்தில் பின்னால் போகும்? நீ கணக்கைச் செய்துவிட்டு விடையை நம்பமாட்டேன் என்றாய். "அந்தப் பெரிய வள்ளம் இவ்வளவு பின்னால போகுமே? ஆரோ கொழும்பில கதிரையில இருந்து யோசிச்சு எழுதின கணக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் கரையில் சின்னப்பிள்ளைகூட வள்ளத்திலிருந்து குதிக்காது. பக்கப் பலகையில் கையை ஊன்றி, ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டு, நிலம் தட்டுப்பட்ட பிறகுதான் மற்றக் காலை எடுப்போம். இறங்கினவர் அங்காலே நடந்து போகவும் மாட்டார். திரும்பி நின்று வள்ளத்தைப் பிடிப்பார். உள்ளே ஆள் இருந்தால் அந்த ஆள் இறங்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை, வலது கையால் சோறு சாப்பிடப் பழகியதுபோல் பழகியது. நெல்லு வயலில் வளர்ந்த உனக்கு அது எங்கே தெரியும்?

அடுத்த சனிக்கிழமை உன்னைச் சைக்கிளில் இருத்திக்கொண்டு களப்புக்குப் போனேன். அப்பா கரையில் இருந்த வாடிக் கொட்டிலுக்குள் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன வள்ளத்தைத் தள்ளி இறக்கி, நீ முன்னால் அணியத்தில் நின்றாய், நான் பின்னால் கம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"நான் சொன்னாப்பிறகுதான் குதிக்கோணும், விளங்கிச்சுதோ?"

"ஓம், ஓம்" என்றாய். சொல்லிக்கொண்டே குதித்தாய்.

வள்ளம் எனக்குக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போனது. நான் வலைக் குவியலுக்குள் மல்லாக்க விழுந்தேன், கம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. நீ கரைச் சேற்றில் முகம் குப்புற விழுந்து, எழும்பி, சேறு வழிய வழியக் கத்தினாய். "வேலை செய்யுதடி! சமன்பாடு வேலை செய்யுது! உனக்கு மறை வேகம், எனக்கு நேர் வேகம்!" உன் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும், அந்த விதியை நீயே கண்டுபிடித்தமாதிரி. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் உன் சிரிப்பு நின்றுவிட்டது. கரைக்காற்று வள்ளத்தை இன்னும் அங்காலே கொண்டுபோவதை நீ கண்டுவிட்டாய்.

உனக்கு நீந்தத் தெரியாது. குளத்துக்குக் குளிக்கப் போனாலும் முழங்காலுக்கு மேல் இறங்காதவள். சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கயிறை எறியடி, கயிறை எறி" என்று கத்திக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீருக்குள் நடந்து வந்தாய். கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தாய். கரைக்கு வந்ததும் நீதான் அழுதாய். "மன்னிச்சுக்கொள்ளடி, நீ உள்ளுக்க இருக்கிறதை மறந்துபோனன்" என்றாய். அப்பா வாடி வாசலில் நின்று, "கமக்காரன்ர பிள்ளை எண்டது வடிவாத் தெரியுது" என்றுவிட்டு உள்ளே போனார். உன் வாயிலிருந்து நான் கேட்ட மன்னிப்பு அந்த ஒன்றுதான்.

சோதனை எழுதி முடிந்த பிறகு ஒரு நாள் நீ வேலிக்கு மேலால் எட்டி, வவுனியாவுக்குப் போகவேண்டும் என்றாய். ஆஸ்பத்திரியில் கண் காட்டிக் கண்ணாடி எடுக்க வேண்டும். வன்னியை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் வந்து சேரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஏதோ கதை விடுகிறேன் என்று பார்க்கிறார்கள். உன் அப்பா ஏற்கனவே உன் அண்ணனுக்குப் பிணை நின்றவர். கொழும்பில் ஒரு அலுவல் என்று போன அண்ணன் கனடாவில் போய் இறங்கினான். அதோடு உன் அப்பாவின் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போனது. ஆகவே நீ என்னிடம் வந்தாய்.

என் அப்பாவுக்கு விருப்பமில்லை. "தமையன் வந்தவனே? தங்கச்சி மட்டும் வருவாளே?" என்று கேட்டார். "அவள் அப்பிடியில்லை" என்றேன். "நாளைக்கு உனக்குக் கம்பஸில படிக்க இடம் கிடைச்சா நீ எப்பிடிப் போறது?" என்றார். "அதுக்கு முதல் அவள் வந்திடுவாள்" என்றேன். உனக்காக நான் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தேன். கடைசியில் "உன்ர விருப்பம்" என்று விட்டுவிட்டார்.

உன்னிடமும் கேட்டேன். ஒளிக்காமல், பச்சையாகவே கேட்டேன். "ரிசல்ஸ் வாறதுக்கு முதல் வந்திடுவாய்தானே? கிடைச்சா நான் போகோணும்."

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திடுவன். உன்ர மூஞ்சியை ஒருக்கால் வடிவாப் பாக்கோணும்" என்றாய்.

பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் மரியாதையான மனிசன். "நீங்கள் இவவுக்கு ஆர்?" என்று கேட்டார். சிநேகிதி என்றேன். "சொந்தம் ஒருத்தருமில்லையோ?" என்றார். "சொந்தத்தைவிடக் கூட" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நீ எனக்குப் பக்கத்தில் நின்று உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்குக் கண் நல்லாகத் தெரியும், ஆனால் பார்த்ததை விளங்கிக்கொள்ளத் தெரியவில்லை. நீ வெளிக்கிட்ட நாள் உன் அம்மா உன் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றிப் பையின் அடியில் வைத்தா. "கண் காட்டப் போறதுக்கு உது ஏன்?" என்றேன். "ஆஸ்பத்திரியில கேப்பினம்" என்றாய். ஓடுவதும் இருப்பதுமாகத் திரிந்த காலம். எல்லோரும் எல்லாப் பத்திரத்தையும் காவிக்கொண்டுதானே திரிந்தோம் என்று விட்டுவிட்டேன். உன் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுத அழுகை, கண்ணாடி எடுக்கப் போகிற பிள்ளைக்கு அழுகிற அழுகையாக இருக்கவில்லை. தாய்க்கு நெஞ்சு இளகினது என்று அதையும் விட்டேன். மல்லாவிவரை உன்னோடு லொறியில் வந்தேன். வழி நெடுகக் குண்டும் குழியும், நீ என் கையை விடவேயில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. உனக்குப் பயணப் பயம் என்று நினைத்து, நான் பகிடிக்கு மேல் பகிடி விட்டு உன்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது. அங்கே வேறு வாகனத்தில் ஏறினாய். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று கை காட்டத் தயாராக நின்றேன், நீ பார்க்கவில்லை. அவளுக்குக் கண் மட்டு, பார்த்தாலும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வருகிற கிழமை வருவாய் என்றிருந்தேன், அதற்கடுத்த கிழமை என்றிருந்தேன். உன் அம்மா வேலிக்கரைக்கு வருவதை நிறுத்திவிட்டா. முன்பெல்லாம் கறி வைத்தால் ஒரு சிரட்டையாவது எங்களுக்கு வரும், அதுவும் நின்றது. ஒருநாள் கிணற்றடியில் மறித்துக் கேட்டேன். "மாமி, அவளிட்ட இருந்து செய்தி ஏதும் வந்ததோ?"

அவா வாளியைக் கீழே வைத்தா. "பிள்ளை, எங்களைத் திட்டாதை. இருக்கிற ரெண்டு பிள்ளையளையும் காப்பாத்துவம் எண்டு நினைச்சம்."

"தெரிஞ்சேதான் போனவளோ?"

"அவள் உன்னட்டச் சொல்லோணும் எண்டுதான் நிண்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான். நீ கொப்பரிட்டச் சொல்லுவாய், கொப்பர் விடமாட்டார்."

நான் தண்ணீர் அள்ளாமலே திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மாவோடு எனக்குக் கோபமில்லை. தாய் அப்படித்தான் யோசிப்பாள். அவா வேண்டாம் என்றா, சரி. லொறியில் அவாவும் வந்தவாவோ? அவ்வளவு தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாயே, ஒரு சொல், காதுக்குள் ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

முடிவுகள் வந்தன. எனக்குப் பொறியியல் கிடைத்தது. எங்கள் கரையில் இருந்து பொறியியலுக்குத் தெரிவான முதல் பெட்டை நான் என்று கோயிலில் சாமியார் பூசைக்குப் பிறகு சொன்னார், சனம் கை தட்டியது. அடுத்த நாள் பாஸ் எடுக்கப் போனேன். அதே மனிசன்தான் இருந்தார்.

"தங்கச்சி, உங்கட சிநேகிதி வந்திட்டாவோ?"

"இல்லை."

"அவ வந்தாப்பிறகு வாங்கோ."

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அந்த மனிசன் ஏசவில்லை. இன்னொரு நாள் கம்பஸ் கடிதத்தோடு போனேன். பிறகொரு நாள் அப்பாவும் கூட வந்தார். கடலில் யாருக்கும் தலை குனியாத மனிசன், அங்கே சால்வையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, பிள்ளையின்ர படிப்பு" என்றார். நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதியவேண்டிய கடைசி நாள் போய்விட்டது. 'அப்பவே சொன்னனான்' என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னா.

அந்தக் கணக்கில் இன்னொன்று இருக்கிறது, நீ கவனித்தாயோ தெரியாது. குதிக்கிற ஆள் பாரம் குறைவு, ஆகவே கெதியாகப் போய்ச் சேர்ந்துவிடுவான். வள்ளம் பாரம், அது மெல்லத்தான் பின்னால் போகும். மெல்லப் போவதால் கரையில் நிற்கிறவர்களுக்கு அது போவதே தெரியாது. உள்ளே இருக்கிறவருக்கு மட்டும்தான் கரை தூரப் போவது தெரியும். நான் ஒரே நாளில் விழுந்து நொறுங்கவில்லை. தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன், பிறகு வெளிவாரியாக ஒரு பட்டம் எடுத்தேன், இடையில் இன்னும் எத்தனையோ தரம் ஓடினோம், அப்பாவைப் பறிகொடுத்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். இன்றைக்குப் பௌதிகவியல் ரீச்சர். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பொறியியலுக்குப் போயிருக்கிறார்கள். என் வாழ்க்கை பாழாய்ப் போனது என்று நீ மனம் புழுங்கியிருக்கத் தேவையில்லை. புழுங்கினாயோ என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

உனக்காக நான் வாதாடிப் பார்க்காமல் இல்லை. வெளிவிசை தாக்கிய இடத்தில் அந்த விதியைப் போடக்கூடாது என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தவள் நான்தான். அந்தக் காலத்தில் எங்கள்மேல் தாக்காத விசை எது? தலைக்கு மேல் குண்டு போடுகிற கிபிர் விமானம் சுற்றியது. அண்ணன் கனடாவிலிருந்து எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டான், அம்மா அழுகிறா, பெட்டைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை. இத்தனையும் சேர்ந்து உன்னைத் தள்ளின. உன் உயிரைக் காப்பாற்ற நீ ஓடியதில் ஒரு பிழையும் இல்லை; நானும் ஓடியிருப்பேன். இவ்வளவும் உன் பக்கம் எழுதி, முழுப் புள்ளியும் போட்டுத் தருகிறேன். ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து என் மூஞ்சியைப் பார்ப்பேன் என்றாயே, அந்தச் சொல்லை உன் வாய்க்குள் யார் தள்ளினது? அதற்கு எந்த வெளிவிசை?

சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு கனடாவிலிருந்து ஒருதரம் ரெலிபோனில் கதைத்தாய். சந்தியில் இருந்த கொமினிக்கேசன் கடைக்கு என்னைக் கூப்பிடச் சொல்லி ஆள் விட்டிருந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறாய் என்று நினைத்து, நடந்து வரும்போதே உன்னை மன்னித்துக்கொண்டு வந்தேன். நீ பனியைப் பற்றிக் கதைத்தாய். வேலையைப் பற்றிக் கதைத்தாய். கலியாணம் சரிவந்திருக்கிறது என்றாய். பிறகு, சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிறமாதிரி, "எடி, நீ கம்பஸுக்குப் போகேல்லையாமே. ஏன்?" என்றாய்.

ஏன்? இதை நீ என்னிடம் கேட்டாய். தெரியாமல் கேட்டாயா, தெரிந்துகொண்டு தெரியாதமாதிரிக் கேட்டாயா என்று இத்தனை வருசமாக யோசித்திருக்கிறேன். தெரியாதென்றால் நீ என்னைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை. தெரியுமென்றால் உனக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் எனக்கு வலித்தது. "விருப்பமில்லை, போகேல்லை" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். அதற்குப் பிறகு நீ அனுப்பிய வாழ்த்து மட்டைகளுக்கு நான் பதில் போடவில்லை. நத்தாருக்கு நத்தார் அனுப்பினாய், அதை மட்டும் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். என் இலக்கத்தை எங்கே தேடிப் பிடித்தாளோ. படம் தெளிந்ததும் எனக்குத் திடுக்கிட்டது. உன் நெற்றி, உன் நாடி, கண்ணாடிக்குப் பின்னால் உன்னைப்போலவே சுருக்கிப் பார்க்கிற கண். சுவரில் உன் படம், மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அழுது அழுது பிள்ளையின் முகம் அதைத்திருந்தது.

"அன்ரி, அம்மா கடைசியா ஹொஸ்பிற்றலில இருக்கேக்க உங்களைப் பற்றித்தான் கூடக் கதைச்சவா" என்றாள். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"என்ன கதைச்சவா?"

"நீங்கள்தானே அம்மாவை அனுப்பினது. அம்மா திரும்பி வரமாட்டா எண்டு தெரிஞ்சும் நீங்கள் சைன் பண்ணினீங்கள். அம்மா போகமாட்டன் எண்டு அழுதவாவாம், நீங்கள்தான் 'என்னை யோசிக்காதை, நீ போ' எண்டு தள்ளி லொறியில ஏத்தினீங்களாம். சின்னனில நான் சாப்பிடாட்டி அம்மா இந்தக் கதையைச் சொல்லித்தான் தீத்துவா. எனக்கு நித்திரையிலயும் தெரியும் அன்ரி. உங்களை ஒருக்கால் பாத்துத் தாங்ஸ் சொல்லோணும் எண்டு நான் எப்பவும் நினைக்கிறனான்."

போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டேன். என் கம்பஸை எடுத்துக்கொண்டு போனாய், சரி, அது பழைய கதை. அப்பா கக்கத்தில் சால்வையோடு நின்றதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது நான் ஏமாந்ததையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டாயே! ஒன்றும் தெரியாமல் மல்லாவியில் கை காட்டத் தயாராக நின்ற அந்த மடைச்சியை இல்லாமல் பண்ணிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய மனசுக்காரியை நிறுத்தி, அவளைக் காட்டிக் காட்டி உன் பிள்ளைக்குச் சோறு தீத்தியிருக்கிறாய். பொய் பிள்ளை, எல்லாம் பொய், உன் அம்மா என்னை ஏமாற்றிவிட்டுப் போனவா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்காகப் பார்த்திருந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். "நான்தான் அனுப்பினனான்."

அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள், வாங்கிக்கொண்டேன். அந்த 'ஓம்' உனக்காகச் சொன்னதல்ல என்பதை நீ தெரிந்துகொள். தாயைப் பறிகொடுத்து நிற்கிற ஒரு பிள்ளைக்குச் சொன்னது. உன்னை நான் மன்னிக்கவுமில்லை, இனி மன்னிக்கப்போவதுமில்லை. உன்மேல் உள்ள கோபத்தை இவ்வளவு காலம் காவியவள், இனியும் காவுவேன்.

ஆனால் அதைவிடப் பாரமாக வேறொன்று அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. இரவு சமைக்கும்போதும் வருகிறது, வகுப்பில் எழுதிக்கொண்டு நிற்கும்போதும் வருகிறது. அந்த லொறியில் நீ என் காதுக்குள் 'எடி, நான் திரும்பி வரமாட்டன்' என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அழுதிருப்பேன். உன்னைத் தூசணத்தால் ஏசியிருப்பேன். மல்லாவி வந்ததும் உன்னைத் தள்ளி ஏற்றிவிட்டிருப்பேன், என்னை யோசிக்காதை, நீ போ என்று. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் மகள் நன்றி சொன்ன அந்தப் பெண்ணாக இருக்க என்னால் முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை.